தோப்பு முடியும் இடம்

சீர்காழியிலிருந்து சிதம்பரம் போகும் சாலையில், கொள்ளிடம் ஆற்றுக்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது இது. ஆடிப்பெருக்கு அன்று மயிலாடுதுறையில் காவிரியைக் கும்பிட்டுவிட்டு மதியம் இரண்டு மணி வாக்கில் திரும்பிக்கொண்டிருந்தோம். பின் சீட்டில் காலியான சித்ரான்னத் தூக்குகள், முன் சீட்டில் அரைத் தூக்கத்தில் அம்மா. இடது பக்கம் அடர்ந்த தோப்பு. முள் 80-ல் நின்றது. தோப்பு முடிந்து வயல் தொடங்கிய நொடியில், யாரோ காரின் மூக்கைப் பிடித்து வலது பக்கம் தள்ளியது போல இருந்தது. வண்டி நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது. எதிரே ஒரு பஸ். பதறி இடது பக்கம் ஒடித்தேன், தேவைக்கு மேலேயே ஒடித்துவிட்டேன். இடச்சக்கரங்கள் மண்ணில் இறங்கி ஏறின. பஸ் ஹாரனை விடாமல் அழுத்தியபடி கடந்து போனது.

"என்னப்பா, டயர் வெடிச்சிருச்சா?" என்று கேட்டார் அம்மா.

டயருக்கு ஒன்றும் இல்லை. அரை மணி நேரமாக அடித்துக்கொண்டிருந்த அதே மேல்காற்றுதான். தோப்பு அதை வாங்கிக்கொண்டிருந்தவரை எனக்குத் தெரியவில்லை. தோப்பு விட்டதும் மொத்தக் காற்றும் ஒரே நொடியில் வண்டிமேல் விழுந்தது. பலமான காற்று சீராக அடித்தால் கை அதற்குப் பழகிக்கொள்ளும். இருந்தாற்போல் வருகிற காற்றும் இருந்தாற்போல் நிற்கிற காற்றும்தான் வண்டியைச் சாலையை விட்டு இறக்குகின்றன. அப்படி மாறுகிற இடங்கள் நம் டெல்டாவில் ஒவ்வொரு மைலுக்கும் உண்டு.

முதலில் காற்று எவ்வளவு பலமாகத் தள்ளுகிறது என்று பார்ப்போம். காற்றுக்கும் எடை உண்டு. ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.2 கிலோ. அது ஒரு பரப்பில் மோதும்போது தருகிற அழுத்தம், வேகத்தின் இருமடியைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளுதல் நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டரில் சுமார் 4 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். 60 கிலோமீட்டரில் அது 17 கிலோ. 90-ல் 38 கிலோ. ஒரு சின்ன காரின் பக்கவாட்டுப் பரப்பு ஏறத்தாழ 5 சதுர மீட்டர். 60 கிலோமீட்டர் காற்றில் அந்தக் கார் சும்மா நின்றுகொண்டிருந்தாலே 80 கிலோ அளவுக்குத் தள்ளப்படும். 900 கிலோ வண்டி அதற்கு அசையாது. சரி, ஓடும்போது?

ஓடும் வண்டிக்குத் தன் ஓட்டமே ஒரு எதிர்க்காற்று. 80-ல் போகிற காருக்கு முன்னாலிருந்து 80 கிலோமீட்டர் காற்று, பக்கத்திலிருந்து 60 கிலோமீட்டர் காற்று. இரண்டும் சேர்ந்து, பள்ளிக்கூடத்தில் படித்த 3-4-5 முக்கோணக் கணக்குப்படி, 100 கிலோமீட்டர் வேகத்தில் சாய்வாக வந்து மோதுகிற ஒரே காற்றாகிறது. அந்தச் சாய்வுக் காற்று தருகிற பக்கவாட்டுத் தள்ளுதல், நிற்கும் வண்டிக்குக் கிடைப்பதை விட அதிகம். அதே காற்றில் வேகத்தை 45-க்கு இறக்கினால் சேர்ந்த வேகம் 75 ஆகிறது, பக்கவாட்டுத் தள்ளுதலும் ஏறக்குறைய கால் பங்கு குறைகிறது. காற்றைக் குறைக்க நம்மால் முடியாது. அது நம் வண்டியைப் பிடிக்கிற பிடியைக் குறைக்க முடியும். ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தால் போதும்.

மூக்கைப் பிடித்துத் தள்ளியது போல இருந்தது என்றேனே, அதற்கும் காரணம் உண்டு. சாய்வாக வரும் காற்று காரின் முன்முனையைச் சுற்றி வளைந்து மறுபக்கம் போகும்போது வேகம் எடுக்கிறது. வேகம் எடுத்த இடத்தில் அழுத்தம் குறைகிறது. அதாவது காற்று படாத பக்கத்தின் முன்முனையில் ஓர் உறிஞ்சல் உண்டாகிறது. ஒரு பக்கம் தள்ளுகிறது, மறுபக்கம் இழுக்கிறது, இரண்டும் வண்டியின் எடை மையத்துக்கு முன்னால் நடக்கின்றன. அதனால் வண்டி முழுசாக நகர்வதற்கு முன்பே மூக்கு திரும்பிவிடுகிறது. அம்பின் வாலில் இறகு கட்டுவது இதற்கு நேர் எதிரான ஏற்பாடு. அங்கே காற்று பின்பக்கத்தைப் பிடிப்பதால் அம்பு தானாகவே காற்றின் முகத்துக்கு நேராகத் திரும்பிக்கொள்ளும். காருக்கு அந்த இறகு இல்லை. சதுரமான பின்பக்கம் கொண்ட வேன்களில் பின்னாலும் நிறையப் பரப்பு இருப்பதால் மூக்கு குறைவாகத் திரும்பும். அதற்குப் பதில் முழு வண்டியும் அதிகமாக ஒதுங்கும்.

மூக்கு ஒரே ஒரு டிகிரி திரும்பினால் என்ன ஆகும்? ஓட்டுநரின் கை உணர்ந்து திருத்த ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 80-ல் அந்த ஒரு விநாடியில் வண்டி 22 மீட்டர் ஓடி, பக்கவாட்டில் 39 சென்டிமீட்டர் விலகியிருக்கும். 50-ல் 24 சென்டிமீட்டர். இரண்டு டிகிரி என்றால் இரண்டும் இரட்டிக்கும். வெண்ணாற்றங்கரை, குடமுருட்டிக் கரைச் சாலைகளில் ஓட்டியவர்களுக்கு அந்த 39 சென்டிமீட்டரின் மதிப்பு தெரியும். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் பள்ளத்தில் வயல், எதிரே வருகிற டிராக்டருக்கு ஒதுங்க ஒரு முழம்கூட மிச்சம் இருக்காது.

எல்லா வண்டிகளும் காற்றுக்கு ஒரே மாதிரி பணிவதில்லை. களத்தில் நெல் தூற்றிப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முறத்தைத் தலைக்கு மேல் தூக்கிச் சரியவிட்டால் நெல் காலடியில் குவியும், பதர் தள்ளிப் போய் விழும். இரண்டுக்கும் உருவம் ஒன்று, அடிக்கிற காற்றும் ஒன்று. உள்ளே அரிசி இருக்கிறதா இல்லையா என்பதுதான் வித்தியாசம். பரப்புக்கு எவ்வளவு எடை என்பதே கணக்கு. நெல் மூட்டை ஏற்றிய லாரி நெல். அதே லாரி மூட்டையை இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும்போது பதர். குட்டி யானை, ஆம்னி பஸ், மேலே கேரியர் வைத்துச் சாமான் கட்டிய கார் எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கின்றன.

எல்லாவற்றையும் விட எனக்குப் பயம் தருவது வைக்கோல் லாரி. சம்பா அறுவடை முடிந்ததும் வண்டியின் விளிம்புக்கு வெளியேயும் பிதுங்கி, மின்கம்பியைத் தொடுகிற உயரத்துக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு டெல்டாவிலிருந்து மேற்கே போகிற லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். பக்கவாட்டில் 25 சதுர மீட்டர் என்று வைத்தாலும், 60 கிலோமீட்டர் காற்றில் 400 கிலோவுக்கு மேல் தள்ளுதல் அதன் மேல் விழுகிறது. அதுவும் சக்கரத்தின் பக்கத்தில் இல்லை, ஆள் உயரத்துக்கு மேலே. கோடை மழைக்கு முன்னால் கிளம்பும் புழுதிக் காற்றில் அப்படி ஒரு லாரி ஒருக்களித்துக்கொண்டே போனால், அதன் பக்கவாட்டில் நாம் இருக்கவே கூடாது. பின்னாலேயே தள்ளி நின்று போவது நல்லது.

லாரியை ஓவர்டேக் செய்யும்போது காற்று செய்கிற வேலை இரண்டு விதம். எந்தத் திசையில் போகிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். ஆடியில் மேற்கிலிருந்து காற்று. நாம் வடக்கே, சிதம்பரம் பக்கம் போகிறோம் என்றால் காற்று இடது கைப் பக்கம். வண்டி வலப்பக்கம் ஒதுங்காமல் இருக்க ஸ்டீயரிங்கை நம்மையறியாமலே கொஞ்சம் இடது பக்கம் பிடித்திருப்போம். வலப்பக்கமாக ஏறி லாரியின் பக்கத்துக்கு வந்ததும் லாரி காற்றை மறைத்துவிடுகிறது. இப்போது இடது பக்கம் பிடித்திருந்த கை நம்மை லாரியை நோக்கியே கொண்டுபோகும். சுதாரித்துக்கொண்டு லாரியின் முகப்பைத் தாண்டினோமானால், மறைந்திருந்த காற்று மொத்தமாக வந்து எதிர்வரும் வண்டிகளின் பக்கம் தள்ளும். அதே சாலையில் தெற்கே, சீர்காழிக்குத் திரும்பும்போது காற்று வலது கைப் பக்கம். அப்போது ஓவர்டேக் செய்யும் நமக்கு மறைவே கிடைக்காது. நேராக லாரியின்மேல் தள்ளும். இரண்டில் முதலாவதுதான் மோசம் என்பேன். ஐந்தாறு விநாடிக்குள் கை இரண்டு முறை மாற வேண்டியிருக்கிறது. காற்று நாளில் இருவழிச் சாலையில் ஓவர்டேக்கைத் தள்ளிப்போடுங்கள். பத்து நிமிடம் தாமதமாகப் போனால் ஒன்றும் கெட்டுவிடாது.

டெல்டாவில் எந்தச் சாலை எந்தத் திசையில் ஓடுகிறது என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் சாலை பெரும்பாலும் கிழக்கு மேற்கு. ஆடிக் காற்று அங்கே முதுகில் அடிக்கும் அல்லது முகத்தில் அடிக்கும். பெட்ரோல் கூடலாம் குறையலாம், வண்டி ஒதுங்காது. சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகப்பட்டினம் என்று கடலை ஒட்டி வடக்கு தெற்காக ஓடும் சாலைதான் காற்றுக்கு விலா எலும்பைக் காட்டிக்கொண்டே போகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்று திருச்சி தாண்டி இந்தச் சமவெளிக்கு வரும்போது குறுக்கே தடுக்க ஒரு குன்றுகூட இல்லை. அது நாள் முழுக்க ஒரே மாதிரியும் அடிக்காது. வெயில் ஏறத் தரை சூடாகி, மேலே வேகமாக ஓடும் காற்று கீழே கலந்து இறங்குகிறது. அதனால் முற்பகலில் எழும்பி மதியத்தில் உச்சம் போகும். விடியற்காலையில் இலை அசையாது. கடலோரத்தில் சில நாள் மாலையில் கடற்காற்று எதிர்த்து ஏறி, திசையே மாறிப்போகும். ஆடியில் வயதானவர்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு போவதானால் காலை எட்டு மணிக்குள் ஊர் போய்ச் சேர்கிற மாதிரி நான் இப்போது கிளம்புகிறேன்.

அடுத்து, காற்று மாறும் இடங்கள். தென்னந்தோப்பு, மூங்கில் கொல்லை, தெருவோர வீடுகள், நெல் கிடங்கு எல்லாம் மறைப்பு. அவை முடிகிற இடம் கதவு திறந்த மாதிரி. நடவு முடிந்த வயல் காற்றுக்குத் தண்ணீர்ப் பரப்பு போலத்தான், உரசித் தடுக்க ஒன்றும் இல்லை. புறவழிச் சாலைகள் வெள்ளத்துக்குப் பயந்து வயல் மட்டத்துக்கு மேலே உயர்த்திப் போடப்பட்டவை. வயலில் ஓடிவந்த காற்று அந்த மேட்டில் ஏறும்போது நெருக்கப்பட்டு இன்னும் வேகம் எடுக்கும். பாலம் எல்லாவற்றுக்கும் மேல். கொள்ளிடம் போன்ற அகன்ற ஆறு, காற்றுக்கு வெட்டிவிட்ட வாய்க்கால். மேற்கே எத்தனையோ மைல் தூரம் மணலிலும் நாணலிலும் தடையில்லாமல் ஓடிவந்து பாலத்தின் நடுவில் வண்டியின் விலாவில் இறங்கும். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரை கடந்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தோப்புகள் வேரோடு சாய்ந்தன. ஒரு தென்னை காய்க்கக் காத்திருந்தவர்களின் துயரத்துக்கு முன்னால் சாலைக் காற்று சின்ன விஷயம்தான். ஆனாலும் பழைய நினைப்பில் "இங்கே மறைப்பு உண்டு" என்று நம்பி ஓட்டிய வளைவுகளில் அது இல்லாமல் போனது.

காற்றை அளக்கக் கருவி தேவையில்லை, சாலையோரமே சொல்லும். பெரிய கிளைகள் ஆடி, குடையைப் பிடிக்க முடியாமல் ஒருவர் திணறினால் காற்று 40 முதல் 50 கிலோமீட்டர். மரம் முழுசாக ஆடி, எதிர்க்காற்றில் நடப்பவர் குனிந்து நடந்தால் 50 முதல் 60. சிறு கிளைகள் முறிந்து சாலையில் கிடந்தால் 60-ஐத் தாண்டிவிட்டது, ஓரம் கட்டும் நேரம் வந்துவிட்டது. திருவையாற்றுப் பக்கம் வாழைத் தோட்டங்களில் இலைகள் சீப்பு மாதிரி கிழிந்திருப்பதைப் பாருங்கள். கிழிந்த இலை காற்றை வழியவிட்டு மரத்தைக் காப்பாற்றுகிறது. காருக்கு அப்படிக் கிழிந்துகொடுக்கும் வசதி இல்லை. வானிலை அறிவிப்பில் "மணிக்கு 40 முதல் 50 கிலோமீட்டர் வேகத்தில், இடையிடையே 60 கிலோமீட்டர்" என்று சொல்லும்போது அந்தக் கடைசி எண்ணைத்தான் ஓட்டுநர் காதில் வாங்க வேண்டும். முன்னது சராசரி, பின்னது திடீரென்று வந்து மோதுவது.

ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், இறுக்கி நெரிக்காமல். காற்று தள்ளியதும் முதலில் ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி, அப்புறம் காற்று வரும் பக்கம் சிறிது சிறிதாகத் திருத்த வேண்டும். நான் செய்தது போல ஒடித்தால், காற்று அடுத்த நொடி நின்றதும் அந்த ஒடிப்பே நம்மைச் சாலையை விட்டு இறக்கும். பிரேக்கை ஓங்கி மிதிக்கவும் கூடாது. டயர் தரையைப் பற்றுகிற சக்திக்கு ஓர் எல்லை உண்டு. காற்றைத் தாங்குவதற்கும் திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் அதிலிருந்தே பங்கு போட வேண்டும். ஈரச் சாலையிலும், காயப்போட்ட நெல் பரவிக் கிடக்கும் சாலையிலும் அந்த மொத்தமே குறைந்துபோகும்.

பைக்கில் போகிறவரை மறக்க வேண்டாம், குறிப்பாகப் பின்னால் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி ஒருவர் உட்கார்ந்திருக்கும் பைக்கை. காற்றுக்கு ஈடாக அவர் பைக்கைச் சாய்த்து ஓட்டிக்கொண்டிருப்பார். நம் கார் பக்கத்தில் வந்தால் காற்றின் போக்கு மாறும், கடந்ததும் மறுபடி மாறும். நமக்கு அது தெரியவே தெரியாது, அவருக்கு விழுந்து எழுகிற விஷயம். காற்று அவரை நம் பக்கம் தள்ளினாலும் இடம் இருக்கிற மாதிரி தள்ளிப் போங்கள். இடம் இல்லையென்றால் பின்னாலேயே போங்கள்.

நிறுத்த வேண்டி வந்தால் தென்னைக்கும் கிழட்டுப் புளிக்கும் அடியில் நிறுத்தாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வண்டல் மண் ஊறிக் களியாகிவிடும், வேருக்குப் பிடிமானம் இருக்காது. கதவைத் திறக்கும்போதும் ஒரு கையால் பிடித்துக்கொண்டு திறங்கள். காற்று கதவைப் பிடுங்கி, பக்கத்தில் போகிற சைக்கிள்காரர்மேல் அறைந்துவிடும்.

அடுத்த வருஷ ஆடிப்பெருக்குக்கும் அதே சாலையில்தான் போனோம். வேலை முடிய இந்த முறையும் மதியம் ஆகிவிட்டது. தோப்பு முடியும் இடம் தூரத்தில் வெளிச்சமாகத் தெரிந்ததும் 45-க்கு வந்தேன். பின்னால் ஒரு வேன் ஹாரன் அடித்தது, அடிக்கட்டும் என்று விட்டேன். நிழல் விலகியது. ஸ்டீயரிங் விரற்கடை அளவு வலது பக்கம் இழுத்தது, கொஞ்சம் இடது பக்கம் பிடித்தேன். வண்டி கோட்டுக்குள்ளேயே ஓடியது. அம்மா விழிக்கவில்லை.