சோடி சேர்வது ஒன்று, சோரம் போகாதிருப்பது இன்னொன்று

பறவைகளில் பத்துக்கு ஒன்பது இனம் சோடியாகக் கூடு கட்டி வாழ்கிறது. 1980களில் டி.என்.ஏ. சோதனை வந்தபின் கூட்டுக்குள் இருந்த குஞ்சுகளைப் பரிசோதித்தார்கள். ஆராய்ந்த இனங்களில் பெரும்பாலானவற்றில் சில குஞ்சுகளுக்குத் தகப்பன் வேறு. ஆனாலும் சோடி பிரியவில்லை. இரண்டும் சேர்ந்தே இரை ஊட்டின. அன்றிலிருந்து உயிரியல் இரண்டையும் பிரித்தே பேசுகிறது: கூடி வாழ்வது ஒன்று, உடலால் ஒருவரோடு மட்டும் நிற்பது இன்னொன்று.

சோடி எப்படி உருவாகிறது என்பதைக் காட்டித் தந்தது வட அமெரிக்கப் புல்வெளியில் வாழும் பிரெய்ரி வோல் என்ற சிறு எலி. ஆணையும் பெண்ணையும் ஒரு நாள் ஒரே கூண்டில் விடுவார்கள். பிறகு மூன்று அறைப் பெட்டி. ஒரு ஓரத்தில் பழகிய துணையும் மறு ஓரத்தில் புதியதும் கட்டப்பட்டிருக்கும். நடுவில் விடப்பட்ட எலி மூன்று மணி நேரத்தில் யாரோடு எவ்வளவு நேரம் ஒட்டிக் கிடக்கிறது என்று கணக்கெடுப்பார்கள். பிரெய்ரி வோல் பழகியதிடமே போய்ச் சுருண்டு கொள்ளும். அதன் உறவு இனமான மெடோ வோல் அப்படிச் செய்யாது. 2004இல் அந்த இனத்து ஆணின் முன்மூளையில் வசோப்பிரசின் ஓமோனின் வாங்கிகளை, அதாவது அந்த ஓமோனைப் பற்றிக்கொள்ளும் புரதங்களை, கூட்டியபோது அதுவும் துணையை நாடியது. இதை வைத்து ஒரு ஓமோனே எல்லாம் செய்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. 2023இல், பாசத்தோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொரு ஓமோனான ஒக்சிடோசினின் வாங்கியே இல்லாமல் பிறக்கச் செய்த வோல்களும் சோடி சேர்ந்தன. சோடி சேர்ந்த வோலும் வாய்ப்புக் கிடைத்தால் வேறொன்றோடு கூடும்.

துணையிடம் போய்ச் சேரும்போது வோலின் மூளையில் பாயும் டோபமின் என்ற ஊக்க இரசாயனம், அந்நியரிடம் போகும்போது பாய்வதைவிட அதிகம். நான்கு வாரம் பிரித்து வைத்தால் அந்த வித்தியாசம் மங்கிவிடுகிறது. குறுகிய ஆயுள் கொண்ட வோலுக்கு நான்கு வாரம் நீண்ட காலம். அதை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது. பறவைகளிடம் பார்த்த கணக்கை மனிதரிடமும் பார்த்தார்கள். மேற்கு ஐரோப்பாவில் பல தலைமுறை வம்சாவளிகளை மரபணுவோடு ஒப்பிட்டபோது, தகப்பன் வேறான பிள்ளைகள் 1 வீதம் அளவில்தான் இருந்தார்கள்.

இலங்கையின் கிழக்கே மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் மூளை செய்யாத வேலையை வளவு, அதாவது வீடும் அதைச் சுற்றிய வேலியடைத்த காணியும், செய்தது. தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் கலியாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்கு வருவான். வீடு மகளுக்குச் சீதனம். குடி என்ற குலப்பிரிவு தாய்வழியில் வரும். வேலிக்கு அந்தப் பக்கம் மாமி, அடுத்த வளவில் பெரியம்மா, சின்னம்மா. மருமகன் நேரம் கெட்டு வந்தால் நாலு வீட்டுக்குத் தெரியும். அவன் பிழை விட்டால் பெண் போக்கிடம் தேடத் தேவையில்லை. ஆனால் பாரம் ஒருபோதும் சமமாக இருந்ததில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கில் குளிர்த்திப் பாட்டுப் பாடும் ஊர் கண்ணகியைத் தெய்வமாக்கியது. கோவலனைப் போன்ற ஆண்களை மன்னித்து உள்ளே எடுத்தது. அந்தச் சமமின்மையை இன்றைய பெண்கள் ஏற்க மறுக்கிறார்கள். மறுப்பது முற்றிலும் நியாயம்.

இரண்டு வருட ஒப்பந்தத்தில் ஒருவர் கட்டாருக்கோ குவைத்துக்கோ போனால் வளவின் காவல் அங்கே எட்டாது. கட்டாரில் வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு அழைத்தால் வாழைச்சேனையில் பன்னிரண்டரை. சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த போனில், தூக்கக் கலக்கத்தோடு 'சாப்பிட்டீங்களா' என்பதற்கு மேல் பேச்சு ஓடாது. பகலில் வேறொருவர் அனுப்பும் 'என்ன செய்றீங்க' அந்த வெற்றிடத்தில்தான் வந்து உட்காருகிறது. பாஸ்வேர்டைப் பிடுங்குவதால் பயனில்லை, இரண்டாவது சிம் எந்தக் கடையிலும் கிடைக்கும். வெள்ளி விடுமுறையில் இருவரும் விழித்திருக்கும் ஒரு நேரத்தை நிரந்தரமாக ஒதுக்குங்கள். எது துரோகம் என்பதைப் புறப்படுமுன்பே பெயர் சொல்லிப் பேசுங்கள்: அழித்த செய்தி, மறைத்த நட்பு, சொல்லாமல் கொடுத்த காசு.

இலங்கைச் சட்டம் இந்த இடத்துக்கு இன்னும் வரவில்லை. முஸ்லிம்களுக்கு 1951ஆம் ஆண்டின் தனிச் சட்டம். தமிழருக்கு 1907ஆம் ஆண்டின் பொது விவாகச் சட்டம். பின்னதில் விவாகரத்துக்கு மூன்றே காரணங்கள்: சோரம், கெடுநோக்கோடு கைவிட்டுப் போதல், கலியாணத்தின்போதே இருந்த தீராத உடலுறவு இயலாமை. சோரம் என்றால் உடலுறவு நடந்திருக்க வேண்டும். மூன்று மாத அரட்டையை ஸ்கிரீன்ஷொட் எடுத்துக்கொண்டு சட்டத்தரணியிடம் போகும் பெண்ணிடம் முதலில் கேட்கப்படுவது, 'ரெண்டு பேரும் நேரில சந்திச்சதா?' என்பதுதான்.