‘ஊக்கமூட்டும் வகுப்பு’ கேட்கும் முதலாளிகளுக்கு

சென்ற வாரமும் அதே அழைப்பு. மதுரை கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகம் செய்யும் ஒரு நிறுவனம். “இரவு ஷிப்டில் தரமில்லை என்று கழிக்கும் ரிஜெக்‌ஷன் கூடிக்கொண்டே போகிறது சார். பையன்களுக்குப் பொறுப்பே இல்லை. ஒரு நாள் வந்து உறைக்கிற மாதிரி வகுப்பு எடுத்துவிடுங்கள்” என்றார் முதலாளி.

முதலில் இரவு ஷிப்டைப் பார்க்க வேண்டும் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. போய்ப் பார்த்தால், ரப்பரை அச்சில் வைத்துச் சூட்டோடு அழுத்தும் ஒரு மோல்டிங் பிரஸ்ஸில் மீட்டர் காட்டும் சூடு ஒன்று, தட்டில் இருக்கும் சூடு வேறு. ரப்பர் எப்படி சரியாக வெந்து இறுகும் (க்யூர் ஆகும்)? பகலில் பராமரிப்பு ஆள் இருப்பதால் சமாளித்துவிடுகிறார்கள். இரவில் அவரும் இல்லை. பையன்களுக்கு இது தெரியும். சூப்பர்வைசரிடம் சொல்லியும் இருக்கிறார்கள். தெரிந்தவர்களை உட்காரவைத்து நான் எதைச் சொல்லிக்கொடுப்பது?

மில்லானாலும் மாசி வீதி ஜவுளிக்கடையானாலும் மருத்துவமனையானாலும் எண்ணம் ஒன்றுதான்: வேலை சரியில்லையா, ஆளுக்குத் தெரியவில்லை, தெரியவில்லையா, வகுப்பு வை. இல்லை ஐயா! கருவி பழுதாக இருக்கலாம். ஆள் போதாமல் இருக்கலாம். எது சரி, எது தவறு என்று யாருமே சொல்லாமல் இருக்கலாம். எண்ணிக்கைக்கு ஊக்கத்தொகை கொடுத்துவிட்டு, தரத்தைப் பற்றி வகுப்பு எடுக்கச் சொல்கிறவர்களும் உண்டு. உயிரே போகும் என்றால் இவர் இந்த வேலையைச் சரியாகச் செய்துவிடுவாரா? செய்துவிடுவார் என்றால், குறை பயிற்சியில் இல்லை.

பயிற்சி தேவையா என்பதை நிறுவனம், பணி, ஆள் என்ற வரிசையில் ஆராயச் சொல்லி 1961-லேயே மக்கீ, தேயர் என்ற அமெரிக்கர்கள் எழுதிவிட்டார்கள். நாம் ஆளில் தொடங்கி ஆளிலேயே முடித்துக்கொள்கிறோம்.

வகுப்பு வைப்பது ஆடிட்டுக்காகத்தான் என்பார்கள். தர மேலாண்மைக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 9001:2015-இன் 7.2 பிரிவு, எந்தத் திறன் தேவை என்று தீர்மானிக்கவும், எடுத்த நடவடிக்கை பலன் தந்ததா என்று மதிப்பிடவும் சொல்கிறது. எல்லாரையும் ஆண்டுக்கு ஒருமுறை நாற்காலியில் உட்காரவைக்கச் சொல்லவில்லை. யாருக்கு எந்த வேலை எவ்வளவு தெரியும் என்று வட்டங்களால் காட்டும் அட்டவணைதான் ஸ்கில் மேட்ரிக்ஸ். ஆடிட்டுக்கு முந்தைய வாரம் சுவரில் மாட்டியிருக்கும் அதில் எல்லா வட்டங்களும் திடீரென்று முழுதாகக் கறுத்துவிடும். ஆடிட்டர்கள் அதைப் பார்க்காதவர்களா?

யாருக்கு என்ன பயிற்சி தேவை என்று கேட்கும் படிவத்தைச் சூப்பர்வைசரிடம் கொடுத்து நிரப்பி வாங்காதீர்கள். ‘நேர மேலாண்மை’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ரிஜெக்‌ஷன் பதிவை ஷிப்ட் வாரியாக, இயந்திர வாரியாகப் பிரித்துப் பாருங்கள். வேலை நடக்கும் இடத்தில் நில்லுங்கள். வேலை செய்கிறவரிடம் தனியாகக் கேளுங்கள், முதலாளி பக்கத்தில் நிற்கும்போது அல்ல.

புது ஆள், புது இயந்திரம், மாற்றிய செய்முறை ஆகியவற்றுக்குப் பயிற்சி கட்டாயம் வேண்டும். அங்கேதான் “பார்த்துப் பழகிக்கொள்வான்” என்று விட்டுவிடுகிறார்கள். இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன்: ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்குத் தமிழில் பாதுகாப்பு வகுப்பு நடத்தி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்குவதை நிறுத்துங்கள். அவர்களிலேயே தமிழ் பிடிபட்ட மூத்தவர் ஒருவர் இருப்பார். பிரஸ் பக்கத்தில் அவரை நிறுத்தி, அவர்கள் மொழியில் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்துக்கும் அவருக்குக் கூலி கொடுங்கள்.