சாயத்துக்குள் இறுகிப்போன மூடிகள்

பந்திங் வட்டாரச் செம்பனைத் தோட்டங்களில் வாழும் பெற்றோர், மகனைக் கப்பல் வேலைக்கு அனுப்பலாமா என்று என்னைக் கேட்கும்போது, சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், துறைமுகத்தில் கப்பலைச் சோதிப்பவர்கள் எவற்றைக் குறையாக எழுதுகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுவது என் வழக்கம். தம் துறைமுகங்களுக்கு வரும் வெளிநாட்டுக் கப்பல்களைச் சோதிக்க ஆசிய-பசிபிக் நாடுகள் செய்துகொண்டு, 1994 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த டோக்கியோ உடன்பாட்டில் மலேசியாவும் உறுப்பு நாடு என்பதால், கிள்ளான் துறைமுகத்தில் ஒரு வெளிநாட்டுக் கப்பல்மீது பதிவாகும் குறை அடுத்த உறுப்பு நாட்டின் அதிகாரிக்கும் தெரிந்துவிடும்.

எஞ்சின் அறைகளில் பணியாற்றிய பின் ஆய்வுப் பணிக்கு வந்த எனக்குத் தெரிந்தவரை, கருவியே இல்லாத கப்பலைவிட, கருவி இருந்தும் அது அசையாத கப்பல்களே அதிகம். எஞ்சின் அறையில் தீப்பிடித்தால், அதை அணைக்கக் கரியமில வாயுவைச் செலுத்துவதற்கு முன் காற்றுவழிகளை எல்லாம் அடைக்க வேண்டும். அதற்கான டேம்பர் மூடிகள்தாம் சாயம்மேல் சாயம் பூசப்பட்டு இறுகிக் கிடக்கின்றன. ஒரு கப்பலில் கைப்பிடி மிக எளிதாகத் திரும்பி ‘மூடியது’ என்ற குறியில் நின்றது. விளக்கடித்து உள்ளே பார்த்தபோது தகட்டில் பாதியைத் துரு தின்றிருந்தது. ஆய்வாளர் வருகிறார் என்றதும் ஆலையில் சாயவாளியைத் தூக்குவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

அவசர ஜெனரேட்டரின் கதையும் அதுவே. மின்சாரம் நின்றால் அது தானாக இயங்கி 45 விநாடிக்குள் மின்சாரம் தர வேண்டும். வாரந்தோறும் பொத்தானை அழுத்தி ஓடவிட்டுப் பதிவேட்டில் எழுதிவிடுகிறார்கள்; மின்சாரத்தை உண்மையிலேயே துண்டித்துப் பார்ப்பவர்கள் குறைவு என்பதால், எஞ்சின் நன்றாக ஓடியும் விளக்கு எரியாத குறை ஆய்வு நாளில்தான் வெளிப்படுகிறது. உயிர்காப்புப் படகின் எஞ்சின் உறைநிலைக்கு 15 பாகை கீழேயும் 2 நிமிடத்துக்குள் இயங்க வேண்டும் என்பது விதி. நம் ஊர் வெயிலிலேயே அது முரண்டு பிடிப்பதைக் கண்டிருக்கிறேன். கயிற்றால் திறந்து கட்டிவைத்த தீத்தடுப்புக் கதவுகளைப் பற்றி விரிக்க வேண்டியதில்லை.

புதிதாகச் சேரும் பிள்ளைகளை எண்ணி நான் அஞ்சுவது மூடிய அறைகளைத்தான். மரக்கட்டையும் நிலக்கரியும் ஏற்றிய அறைகளில் அச்சரக்கே ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். மணமும் நிறமும் எதையும் காட்டிக்கொடுக்காது. உள்ளே விழுந்தவனைத் தூக்க, ஆக்சிஜனை அளவிடாமல் இறங்கும் நண்பனும் சேர்ந்தே இறக்கிறான். 2015 முதல் இதற்கான பயிற்சி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டாயம். பதிவேட்டில் பயிற்சி தவறாமல் நடந்திருந்த ஒரு கப்பலில், வாயு அளவியை இயக்கிக் காட்டும்படி இளம் மாலுமி ஒருவரிடம் கேட்டேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்தபடி கேப்டனின் முகத்தைப் பார்த்தார்.

ஓய்வு நேரப் பதிவேடும் இப்படித்தான். 24 மணி நேரத்தில் 10 மணியும் ஏழு நாளில் 77 மணியும் ஓய்வு வேண்டும். நள்ளிரவில் கரைசேர்ந்த கப்பலிலும் அனைவரும் அந்நேரம் உறங்கியதாகவே எழுதியிருக்கும். பெற்றோரிடம் நான் கடைசியாகச் சொல்வது இதுதான்: 2013 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையின்படி, மாலுமி எவரும் துறைமுக அதிகாரியிடம் நேரடியாகப் புகார் செய்யலாம், அவர் பெயரை அதிகாரி வெளியிடக் கூடாது.