மொளகா இலை மஞ்சளாச்சுன்னா பாஜா (உரம்) மூட்டைய அவுக்காதீங்க, முதல்ல மண்ணப் பாருங்க

நம்ம மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல எந்த தாமானுக்குள்ள (குடியிருப்புக்குள்ள) நுழைஞ்சாலும் வீட்டு முன்னாடி பழைய பெயிண்ட் தோங்ல (வாளியில) ஒரு மொளகா செடி, வேலியோரமா கருவேப்பிலை, மூலையில செராய், பண்டான்னு ஏதாவது ஒண்ணு கண்டிப்பா இருக்கும். தோட்டத்து லயத்த விட்டு வெளிய வந்து எத்தன வருஷமானாலும் நம்மாளுங்க செடி வளக்குறத விடல, அது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். ஆனா யாரக் கேட்டாலும் ஒரே கம்ப்ளேன்தான். இலை மஞ்சளாகுது, செடி ஒரு ஜாண் உயரத்துலயே நின்னுபோச்சு, பாஜா போட்டுப் பாத்தேன், இன்னும் மோசமாயிடுச்சு. இதுக்குப் பெரும்பாலும் காரணம் செடியில இல்ல, பாஜா பத்தாம போனதும் இல்ல, கீழ இருக்கற செம்மண்ணுதான். அது எப்படின்னு கொஞ்சம் பொறுமையா சொல்றேன்.

நம்ம நாட்டுல வருஷத்துக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல மழை கொட்டுது. மழைத்தண்ணி சுத்தமானதுதான், ஆனா காத்துல இருக்கற கார்பன் டைஆக்சைடு அதுல கரையறதால லேசா புளிப்புத்தன்மையோடதான் தரைக்கே வந்து சேருது, அதோட பிஎச், அதாவது புளிப்ப அளக்கற எண்ணு, கிட்டத்தட்ட 5.6. இப்ப மண்ணுல இருக்கற களித்துகளப் பாருங்க, அதோட மேல்பரப்புல எதிர்மின்னூட்டம் இருக்கு, கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் மாதிரி நேர்மின்னூட்டம் உள்ள சத்தெல்லாம் அதுலதான் ஒட்டிக்கிட்டு இருக்கும். இத பஸ் சீட் மாதிரி நெனச்சுக்குங்க. மழை ஒவ்வொரு தடவ பெய்யும்போதும் புளிப்புக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனி வந்து சீட்டப் புடிச்சுக்கும், கால்சியமும் மக்னீசியமும் எழுந்து தண்ணியோட கீழ எறங்கிப் போயிடும். இது நேத்து இன்னைக்கு நடக்கறதில்ல, ஆயிரக்கணக்கான வருஷமா நடந்துக்கிட்டே இருக்கு, கடைசியில மிஞ்சறது இரும்பும் அலுமினியமும் கலந்த மண்ணு. அந்தச் சிவப்பு நிறமே இரும்பு ஆக்சைடோட நிறம்தான். மேட்டு நிலத்துல இந்த மாதிரி மண்ணோட பிஎச் 4-லருந்து 5 வரைக்கும்தான் இருக்கும். மொளகா, தக்காளி, கத்தரிக்கெல்லாம் 6-லருந்து 6.8 வேணும். 4.5-க்கும் 6.5-க்கும் ரெண்டுதானே வித்தியாசம்னு நெனச்சுடாதீங்க, பிஎச் கணக்குல ஒரு எண் எறங்கினா புளிப்பு பத்து மடங்கு ஏறும், அப்ப ரெண்டு எண்ணுன்னா நூறு மடங்கு.

இதுல நிஜமா கெடுதல் பண்றது அலுமினியம். பூமியோட மேலோட்டுல மத்த எல்லா உலோகத்தையும் விட அதுதான் அதிகம், எடையில கிட்டத்தட்ட 8 சதவீதம். மண்ணு நல்லா இருக்கும்போது அது களிமண்ணுக்குள்ள பூட்டிக் கெடக்கும், யாரையும் தொந்தரவு பண்ணாது. பிஎச் 5.5-க்குக் கீழ போகப் போக கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு வெளிய வந்து வேர் நுனியத் தாக்கும், சில மணி நேரத்துலயே நுனி வளர்றது நின்னுடும். நம்பலன்னா நோஞ்சானா நிக்கற மொளகா செடி ஒண்ண மெதுவா மண்ணோட புடுங்கி வாளித் தண்ணியில அலசிப் பாருங்க. நல்ல செடின்னா வெள்ள வெள்ளையா மெல்லிசா முடி மாதிரி நெறைய வேர் இருக்கும். புளிச்ச மண்ணுல வளந்ததுன்னா வேர் கட்டையா தடிச்சுப்போய், நுனி பழுப்பாகி, பக்கவேரே இல்லாம இருக்கும். அந்த வேர வெச்சுக்கிட்டு செடி எதத்தான் உறிஞ்சும்? மேல நீங்க எவ்வளவு பாஜா கொட்டினாலும் அது வாய் வழியா உள்ள போகணும் இல்லயா. பாஸ்பரஸ் நெலம இன்னும் பாவம், நீங்க போட்டதயே இரும்பும் அலுமினியமும் புடிச்சுக் கெட்டியாக்கி வெச்சுக்கும், செடிக்கு விடாது.

அப்படின்னா பால்மரம் (ரப்பர் மரம்) மட்டும் எப்படி இந்த மண்ணுல இவ்வளவு செழிப்பா வளந்துச்சுன்னு கேப்பீங்க. பால்மரத்தோட சொந்த ஊரு அமேசான் காடு, அங்கயும் இதே மாதிரி மழை அடிச்சு சத்து கழுவிப்போன புளிச்ச மண்ணுதான். நம்ம பக்கத்துல இருக்கற கோலகங்சார்ல 1877-ல பால்மரக் கன்னு வெச்சாங்க, அதுல ஒரு மரம் பெரிய மரமா நெலச்சு நின்னுச்சு. மண்ணு அதுக்குப் பழக்கப்பட்ட மண்ணு. நம்ம தாத்தா பாட்டி பால் வெட்டின அதே மண்ணுலதான் இன்னைக்கு நாம தக்காளி வெச்சுட்டு ஏன் வரலன்னு கவலப்படறோம். எண்ணெய் எடுக்கற செம்பனையும் அதே மாதிரிதான், புளிப்பத் தாங்கிக்கும், ஆனா அதுக்கும் மக்னீசியம் கொறஞ்சா அடிமட்டை ஆரஞ்சா மாறிடும், தோட்டத்துல வேலை செஞ்சவங்க இதப் பாத்திருப்பீங்க. அதுக்குத்தான் கீசரைட்ங்கற மக்னீசியம் பாஜா போடறாங்க.

யூரியாவப் பத்தி தனியா சொல்லணும், ஏன்னா நெறைய பேர் வீட்டுல முதல் மருந்தே அதுதான். யூரியா மண்ணுல விழுந்ததும் அம்மோனியமா மாறும், அத பாக்டீரியா நைட்ரேட்டா மாத்தும், அப்படி மாத்தும்போது ஹைட்ரஜன் அயனி வெளிய வரும். அதாவது மண்ணு இன்னும் புளிக்கும். முதல் தடவ போட்டதும் இலை கருகருன்னு பச்சையாகும், நமக்கும் சந்தோஷமா இருக்கும், திரும்பத் திரும்பப் போட்டா வேருக்குக் கீழ நெலம மோசமாகிக்கிட்டே போகும்.

சரி, வழி என்னன்னா சுண்ணாம்புதான். ஈப்போ வழியா போனா ரோட்டோரமா வெள்ளை வெள்ளையா நிக்குதே சுண்ணாம்புக்கல் மலை, அந்த மாதிரி கல்ல அரைச்ச பொடிதான். பாஜா கடையில ஜிஎம்எல்னு கேட்டா கெடைக்கும், அதுல கால்சியமும் மக்னீசியமும் சேந்தே இருக்கும், மழை அடிச்சுட்டுப் போன ரெண்டும் ஒரே பொடியில திரும்பி வருது. அதுல இருக்கற கார்பனேட் புளிப்பத் தின்னு கார்பன் டைஆக்சைடா காத்துல போயிடும், பிஎச் ஏறினதும் கரைஞ்சு கெடந்த அலுமினியம் மறுபடியும் கெட்டியாகி ஒதுங்கிடும். ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 200 கிராம் தூவி, ஒரு சாண் ஆழத்துக்குக் கொத்திக் கலந்து, ரெண்டு மூணு வாரம் விட்டுட்டு அப்புறம் கன்னு வைங்க. கல்லுப்பொடி கரைய நேரம் வேணும். யூரியாவையும் சுண்ணாம்பையும் ஒரே நாள்ல போடாதீங்க, நைட்ரஜன் அம்மோனியா வாயுவாகிப் பறந்துடும், காசும் அதோட போச்சு. வெத்தலைக்குத் தடவற சுண்ணாம்பு இதுக்கு ஆகாது, அது நீத்த சுண்ணாம்பு, காரம் அதிகம், வேர சுட்டுடும். முட்டை ஓட்டையும் கையால நொறுக்கிப் போட்டா வருஷக்கணக்கா அப்படியே கெடக்கும், மிக்சியில மாவா அரைச்சாதான் வேலை செய்யும்.

எவ்வளவு புளிப்புன்னு தெரிஞ்சுக்க பிஎச் பேப்பர் போதும். ஒரு பங்கு காஞ்ச மண்ணு, ரெண்டர பங்கு டிஸ்டில்ட் தண்ணி, நல்லா கலக்கி அரைமணி நேரம் தெளிய விட்டு மேல்தண்ணியில பேப்பர முக்குங்க. சங்குப்பூ தண்ணியிலயும் பாக்கலாமான்னு கேப்பாங்க, எலுமிச்சை புழிஞ்சா ஊதாவா மாறும் இல்லயா, ஆனா மண்ணுக்கு அது துல்லியமா காட்டாது, பிள்ளைங்களுக்கு சொல்லிக்குடுக்க நல்லா இருக்கும், அவ்வளவுதான்.

இனிமே மஞ்சள் இலையப் படிக்கக் கத்துக்குங்க, இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமாத் தெரியுது. மஞ்சள் எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க, அடியிலயா நுனியிலயா. நைட்ரஜன், பொட்டாசியம், மக்னீசியம் இதெல்லாம் செடிக்குள்ள எடம் மாறக்கூடியது, பத்தலன்னா செடி கிழட்டு இலையிலருந்து எடுத்து கொழுந்துக்குக் குடுக்கும், அதனால அடி இலைதான் முதல்ல வாடும். அடி இலை முழுசா வெளிறிப்போனா நைட்ரஜன். நரம்பு பச்சையா நின்னு நடுவுல மட்டும் மஞ்சளானா மக்னீசியம், ஏன்னா பச்சையத்தோட ஒவ்வொரு மூலக்கூறு நடுவுலயும் ஒரு மக்னீசியம் அணு ஒக்காந்திருக்கு, அது இல்லன்னா பச்சையே இல்ல. அவசரத்துக்கு ஒரு லிட்டர் தண்ணியில ஒரு டீஸ்பூன் எப்சம் சால்ட் கரைச்சு சாயங்காலமா இலையில அடிக்கலாம். இரும்பும் கால்சியமும் அப்படி எடம் மாறாது, போன எடத்துலயே நின்னுடும், அதனால கொழுந்து வெளிறிச்சுன்னா இரும்புப் பக்கம் பாக்கணும், நம்ம புளிச்ச மண்ணுல இது கொறச்சல், சுண்ணாம்ப அளவில்லாம கொட்டினவங்க வீட்டுலதான் வரும். தக்காளிக்காய் அடியில கறுப்பா அழுகற மாதிரி வருதே, அது கால்சியம். தண்ணி போற வழியிலதான் கால்சியமும் போகும், இலை நெறைய தண்ணிய ஆவியாக்கறதால இலைக்குப் போயிடும், காய்க்கு மிச்சம்தான். அதனால ரெண்டு நாள் காய விட்டு மூணாவது நாள் ஊத்தி முழுக்காட்டினா அது வர்றதுக்கு வாய்ப்பு அதிகம், தெனமும் ஒரே அளவா ஊத்துங்க.

தோங்ல வளக்கறவங்க இன்னொன்னும் பாக்கணும், அடியில ஓட்ட சின்னதா இருந்து தண்ணி தேங்கினாலும் இலை மஞ்சளாகும். வேருக்கும் ஆக்சிஜன் வேணும், தண்ணிக்குள்ள ஆக்சிஜன் பரவறது காத்துல பரவறத விட கிட்டத்தட்ட பத்தாயிரம் மடங்கு மெதுவு. மூச்சு முட்டின வேர் தண்ணிய இழுக்காது, செடி தொங்கும், தண்ணி பத்தலயோன்னு இன்னும் ஊத்துவோம். விரல மண்ணுல விட்டுப் பாத்துட்டு ஊத்துங்க.

மொளகா இலை சுருளறதுக்குப் பெரும்பாலும் மண்ணு காரணமில்ல. ஓரம் மேல்பக்கமா சுருண்டா த்ரிப்ஸ்ங்கற சின்னப் பூச்சி, கீழ்பக்கமா கவுந்தா சிலந்திப்பேன், பெரும்பாலும் இப்படித்தான். கொழுந்த வெள்ளப் பேப்பர் மேல தட்டினா த்ரிப்ஸ் கோடு கோடா ஓடும், சிலந்திப்பேன் கண்ணுக்கே தெரியாது. ரெண்டுக்கும் ஒரே பூச்சிமருந்து பெரும்பாலும் வேலைக்காகாது, பேனுக்கு தண்ணியில கலக்கி அடிக்கற நனையும் கந்தகம் போடலாம். கருவேப்பிலையில பச்சைப்புழு இருந்தா கையால எடுத்து விடுங்க, பட்டாம்பூச்சியாகப் போற புழு அது. கொத்தமல்லி நம்ம வெயிலுக்கு சீக்கிரமே பூத்துடும், கேமரன் மலையில வர்ற மாதிரி இங்க வராது, ஈரமான நிழல்ல கெத்தும்பார் ஜாவா வைங்க, வாசனை கிட்டத்தட்ட அதேதான்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் சுண்ணாம்பும் இல்ல, பாஜாவும் இல்ல. காலையில நல்லா இருந்த தக்காளியோ கத்தரியோ மஞ்சளே ஆகாம பச்சையாவே திடீர்னு தொங்கிப்போச்சுன்னா, தண்டுல அடிப்பக்கத்துல ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி க்ளாஸ்ல தெளிஞ்ச தண்ணியில நுனி மட்டும் படற மாதிரி அசையாம புடிச்சுப் பாருங்க. சில நிமிஷத்துல வெட்டின எடத்துலருந்து பால் மாதிரி மெல்லிசா நூல் நூலா எறங்கினா அது ரால்ஸ்டோனியா பாக்டீரியா. வேர்ல இருக்கற காயம் வழியா உள்ள போய், தண்ணி ஏறற கொழாயில கோடிக்கணக்கா பெருகி, பிசுபிசுன்னு ஒரு பசைய விட்டு அடைச்சுடும். வந்த செடியக் காப்பாத்த முடியாது. வேரோட மண்ணோட எடுத்து பையில கட்டிப் போடுங்க, எருக்குழிக்குள்ள போடாதீங்க, கத்தியையும் கழுவுங்க. அந்த எடத்துல மொளகா, தக்காளி, கத்தரி, இஞ்சி, வேர்க்கடலை எதுவும் கொஞ்ச காலத்துக்கு வேணாம், சோளமோ பயத்தங்காயோ வைங்க. கத்தரிதான் வேணும்னா சுண்டைக்காய்ச் செடிய அடியா வெச்சு அது மேல ஒட்டுக் கட்டுங்க, சுண்டைக்காய் வேர் இந்த பாக்டீரியாவ நல்லாவே தாங்கும், ஒட்டு புடிக்கற வரைக்கும் பிளாஸ்டிக் பையால மூடி நிழல்லயே வெச்சிருங்க.