ஈர மணல் ஏன் கறுக்கிறது, படத்தில் ஏன் சொதப்புகிறது

நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கம் பள்ளி ஓவியப் போட்டியில் 'கடற்கரை' என்று தலைப்பு கொடுத்தால் வரும் படங்கள் எல்லாம் ஒரே அச்சு: மேலே நீலம், கீழே மஞ்சள், நடுவில் வெள்ளையாக ஒரு நெளிகோடு, அப்புறம் கடலுக்குள் இறங்கும் சூரியன். பூம்புகார் முதல் வேதாரண்யம் வரை நம் கரை கிழக்கைப் பார்த்தது, சூரியன் கடலிலிருந்து எழும். கோடியக்கரையில் கரை மேற்கே திரும்புவதால் அங்கே வேண்டுமானால் கொஞ்சம் விலக்குக் கொடுக்கலாம். சரி, சூரியனை விடுங்கள், அது காலண்டர் செய்த வேலை. என்னை உறுத்துவது ஈர மணல். நன்றாக வரையத் தெரிந்தவர்கள்கூட அதை விட்டுவிடுகிறார்கள், இல்லையென்றால் மஞ்சளில் கறுப்பைக் குழைத்துப் பூசிச் சேறாக்கிவிடுகிறார்கள்.

தண்ணீருக்குச் சாயம் கிடையாது. பிறகு மணலை எப்படிக் கறுக்க வைக்கிறது? காய்ந்த மணலில் பருக்கைகளுக்கு நடுவே இருப்பது காற்று. ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது 1, மணலில் பெரும்பங்கான குவார்ட்ஸுக்குச் சுமார் 1.54. இரண்டு எண்ணுக்கும் வித்தியாசம் பெரியது என்பதால் ஒளி ஒவ்வொரு பருக்கையிலும் பலமாகத் திரும்பி, மேலோட்டமாகவே சிதறி வெளியே வந்துவிடுகிறது. மணல் வெளிறித் தெரிகிறது. அதே இடத்தில் தண்ணீர் புகுந்தால் அதன் எண் 1.33, குவார்ட்ஸுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. ஒளி இப்போது லேசாகத்தான் வளைகிறது, முன்னோக்கியே போய்க்கொண்டிருக்கிறது, ஆழத்துக்கு இறங்கிப் பல பருக்கைகளைத் தாண்டுகிறது, தாண்டும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சப்படுகிறது. மேலே நீர்ப்படலம் இருந்தால் இன்னொரு தடையும் உண்டு: செங்குத்திலிருந்து சுமார் 49 டிகிரிக்கு மேல் சாய்ந்து வெளியேறப் பார்க்கும் ஒளியைப் படலத்தின் மேற்பரப்பு மொத்தமாக உள்ளேயே திருப்பிவிடும்.

ஓவியருக்கு இதில் இருக்கும் செய்தி, மணலில் கறுப்பு எதுவும் சேரவில்லை என்பது. ஒளி மணலுக்குள் அதிக தூரம் நடந்து வருகிறது, அதனால் பருக்கைகளின் இரும்புக் கறை தரும் பழுப்பே இன்னும் அழுத்தமாக ஏறுகிறது. ஆகவே அதே பழுப்பைக் கெட்டியாக எடுத்தால் போதும், கறுப்பு டப்பாவை மூடியே வையுங்கள். இந்தக் கணக்கு உங்கள் வண்ணத் தட்டிலும் நடக்கிறது. வாட்டர்கலர் காய்ந்ததும் வெளிறுவது ஏன்? துகள்களுக்கு நடுவிலிருந்த தண்ணீர் போய்க் காற்று வந்ததால். தஞ்சாவூர் ஓவியத்தில் புடைப்பு வைக்கும் மக்கு என்ற பசைக்குழம்பு ஈரத்தில் மங்கலாக இருந்து காய்ந்ததும் பளிச்சென்று வெளுப்பதும் அதனால்தான். சாக் பவுடரை எண்ணெயில் குழைத்தால் வெள்ளையே போய்விடும், இரண்டின் ஒளிவிலகல் எண்ணும் அவ்வளவு நெருக்கம். டைட்டானியம் வெள்ளைக்கு அந்த எண் 2.5-ஐத் தாண்டுவதால் எண்ணெயிலும் அது வெள்ளையாகவே நிற்கிறது.

இருட்டு பாதிக் கதை, மீதி கண்ணாடி. அலை பின்வாங்கிய சில விநாடிகள் மணல்மேல் ஒரு படலம் நிற்கும். காலடியில் நேராகக் குனிந்து பார்த்தால் அது வானத்தை 2 சதவீதம்தான் பிரதிபலிக்கும், தெரிவது மணல். நின்றபடியே 10 மீட்டர் தள்ளிப் பார்த்தால் கிட்டத்தட்ட 40 சதவீதம் வானம். தரையில் உட்கார்ந்து அதே இடத்தைப் பார்த்தால் 60-ஐத் தொடும். அதாவது நீங்கள் நின்று வரைகிறீர்களா, உட்கார்ந்து வரைகிறீர்களா என்பதே மணலின் நிறத்தை மாற்றுகிறது! கரையேற்றிய ஃபைபர் படகின் பிம்பமும் படகைத் தலைகீழாக நகலெடுத்தது ஆகாது. கண்ணாடி கீழேயிருந்து பார்க்கிறது, ஆகவே பிம்பத்தில் படகின் உட்புறப் பலகைகள் மறைந்து அடிவயிறுதான் அதிகம் தெரியும்.

படலம் மணலுக்குள் இறங்கியதும் மினுக்கம் போய்விடும், இருட்டு மட்டும் நிற்கும். ஆகவே நுரைக்கு மேலே ஒரு பட்டையாக வரைந்தால் போதாது: மினுங்கும் பட்டை, அதற்கு மேலே மினுக்கமில்லாத இருண்ட பட்டை, அதற்கும் மேலே வெளிறிய காய்ந்த மணல். கரைவலை இழுப்பவர்கள் நடக்கும் இடம் பெரும்பாலும் அந்த நடுப்பட்டைதான். அவர்கள் கால் ஊன்றும்போது பாதத்தைச் சுற்றி மணல் ஒரு கணம் வெளுத்துவிட்டுத் திரும்பக் கறுக்கும், கவனித்திருப்பீர்கள். நெருக்கமாக அடுக்கப்பட்ட பருக்கைகள் மிதிபட்டதும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு இடைவெளியைப் பெரிதாக்குகின்றன, மேலிருந்த நீர் உள்ளே இழுபடுகிறது. பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் 1885-இல் விளக்கியது இது. படத்தில் அந்த வெளிர் வளையத்தை வைத்தால் கால் உண்மையிலேயே பாரம் தாங்கி நிற்கும்.

தரங்கம்பாடி, பூம்புகார்ப் பக்கம் வரைபவர்களுக்கு ஒரு விலக்கு. அங்கே மணலில் ஓடும் கறுப்பு வரிகள் ஈரம் இல்லை, காய்ந்தாலும் போகாது. தண்ணீரின் அடர்த்தியை 1 என்று வைத்தால், இல்மனைட் என்ற கறுப்புக் கனிமத்துக்குச் சுமார் 4.7, செம்மை கலந்த கார்னெட் கனிமத்துக்கு 4, குவார்ட்ஸுக்கு 2.65, அலை லேசான குவார்ட்ஸை வாரிக்கொண்டு திரும்ப, கனமானவை அங்கேயே தங்கி வரிவரியாகப் படிகின்றன. இங்கே மட்டும் கறுப்பு டப்பாவைத் திறக்கலாம், கூடக் கொஞ்சம் செங்காவி. காற்றடிக்கும் நாளில் மணலே வந்து வண்ணத்தில் ஒட்டினால் எடுக்க மெனக்கெட வேண்டாம். 1870-இல் பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனே வரைந்த, பிரான்சின் த்ரூவில் கடற்கரை ஓவியம் லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது, அதன் வண்ணத்துக்குள் இன்னமும் மணலும் சிப்பித் துணுக்கும் உண்டு.