சென்னையா, பெங்களூரா: எது பெரிய ஊர்?

கல்லூரியில் பொருளியல் படிக்கும் வாசகி ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் வீட்டில் அப்பா சென்னைக் கட்சி, மாமா பெங்களூருக் கட்சி. எது பெரிய ஊர், எது பணக்கார ஊர் என்று ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வாக்குவாதம். யார் சொல்வது சரி?"

2011 மக்கள்தொகைக் கணக்கை வைத்துக்கொண்டு இரண்டு பேருமே ஜெயிக்கலாம். மாநகராட்சி எல்லைப்படி பார்த்தால் அன்று பெங்களூரில் 84 லட்சம் பேர், சென்னையில் 46 லட்சம் பேர்தான். மாமா பக்கம் வெற்றி. ஒட்டி வளர்ந்த ஊர்களையும் சேர்த்து நகரத் தொகுதியாகப் பார்த்தால் சென்னை 86.5 லட்சம், பெங்களூரு 85.2 லட்சம். அப்பா பக்கம் வெற்றி. கணக்கெடுப்பு ஒன்றுதான், எண்ணப்பட்ட மனிதர்களும் அதே மனிதர்கள்தான். எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பது மட்டும்தான் மாறியது.

பெங்களூரு 2007-லேயே சுற்றியிருந்த நகராட்சிகளையும் நூற்றுக்கு மேற்பட்ட கிராமங்களையும் சேர்த்துக்கொண்டு 700 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்துவிட்டது. சென்னை அப்போதும் 174 சதுர கிலோமீட்டரிலேயே இருந்தது. கணக்கெடுப்பு முடிந்த பிறகு, 2011 அக்டோபரில்தான் 426 ஆனது. அந்தப் பழைய 174-க்குள் 2001 முதல் 2011 வரை மக்கள்தொகை வெறும் 7 சதவீதம் கூடியது. இதை மட்டும் பார்ப்பவர் சென்னை தேங்கிவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார். ஆனால் அதே பத்தாண்டில் பக்கத்துக் காஞ்சிபுரம் மாவட்டம் 39 சதவீதம் வளர்ந்தது. வேலைக்கு வந்தவர்கள் மயிலாப்பூரில் வீடு தேடவில்லை, தாம்பரத்துக்கு அப்பால் போய்க் குடியேறினார்கள்.

நகரத் தொகுதியாக எடுத்தால் அந்தப் பத்தாண்டில் சென்னை 32 சதவீதம், பெங்களூரு 49 சதவீதம். ஆண்டுக்கணக்கில் முறையே 2.8, 4.1. எழுபதை இந்த எண்ணால் வகுத்தால் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு என்று தெரியும்: அதே வேகம் நீடித்தால் சென்னைக்கு 25, பெங்களூருக்கு 17. இது பிள்ளைப்பேற்றால் வரும் வளர்ச்சி அல்ல. இரண்டு மாநிலங்களிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக இரண்டுக்கும் குறைவான பிள்ளைகளே பிறக்கிறார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்களும், நகரம் தன்னோடு சேர்த்துக்கொள்ளும் கிராமங்களும்தான் காரணம்.

பொருளாதாரம் இன்னும் சிக்கல். நம் நாட்டில் நகரவாரியாக அதிகாரப்பூர்வமான உற்பத்திக் கணக்கு கிடையாது, மாவட்டவாரியாகத்தான் உண்டு. பெங்களூரு நகர மாவட்டம் மட்டுமே கர்நாடகப் பொருளாதாரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தருகிறது, மாமா இதைக் கட்டாயம் சொல்லியிருப்பார். சென்னை மாவட்டத்தை மட்டும் அதோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை. இருங்காட்டுக்கோட்டையிலும் ஒரகடத்திலும் செய்யும் கார்கள் காஞ்சிபுரம் மாவட்டக் கணக்கில் போகின்றன. பெங்களூருக்கும் இதே தலைவலிதான்: அதன் நிழலில் வளர்ந்த ஓசூர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில், அதாவது தமிழ்நாட்டுக் கணக்கில் இருக்கிறது.

சரி, எல்லையை எப்படியோ ஒழுங்காகப் போட்டுவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து எல்லோரும் செய்வது, மொத்த வருமானத்தைத் தலைக்கு இவ்வளவு என்று வகுத்து ஒப்பிடுவது. வகுத்துவிட்டால் ஊரின் அளவு கழிந்துவிடும் என்று நம்புகிறோம். கழியாது. இந்தக் கட்டுரையை நான் எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான்.

2007-இல் லூயிஸ் பெட்டன்கோர்ட், ஜெஃப்ரி வெஸ்ட் ஆகியோரும் சக ஆய்வாளர்களும் அமெரிக்கா, சீனா, ஜெர்மனி போன்ற நாடுகளின் நகரங்களை வரிசையாக அடுக்கிப் பார்த்தார்கள். ஊதியம், உற்பத்தி போன்றவை மக்கள்தொகையின் 1.15 அடுக்கை ஒட்டி உயர்ந்தன. அடுக்கு 1 என்றால் ஊரோடு அதே விகிதத்தில் கூடும், 1-க்கு மேல் என்றால் ஊரைவிட வேகமாக, கீழே என்றால் மெதுவாக. சாலை, மின்கம்பி போன்றவை 0.85 அடுக்கை ஒட்டியே உயர்ந்தன. அதாவது ஊர் இரண்டு மடங்கானால் வருமானம் இரண்டு மடங்காக நிற்காது, 2.22 மடங்காகும். தலைக்கு 11 சதவீதம் கூடுதல். இதைப் பலரும் 15 சதவீதம் என்று எழுதிவிடுகிறார்கள். 15 என்பது அடுக்கில் வரும் எண், கூடும் பங்கு 11தான். பத்து லட்சம் பேர் உள்ள ஊரையும் ஒரு கோடி பேர் உள்ள ஊரையும் ஒப்பிட்டால், பெரிய ஊரில் தலைக்கு வருமானம் 41 சதவீதம் அதிகமாக இருப்பது இயல்பு. அதற்காக அந்த ஊர்க்காரர்களைத் தனியாகப் பாராட்ட வேண்டியதில்லை.

ஏன் இப்படி? சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு செல்போன் பழுது பார்க்கும் கடை முன்னால் கால் மணி நேரம் நில்லுங்கள். கடைக்காரர் போனைப் பிரிக்கிறார். ஒரு சின்ன இணைப்பான் உடைந்திருக்கிறது, அவரிடம் அது இல்லை. பையனை எதிர்ச் சந்துக்கு அனுப்புகிறார். மூன்று நிமிடத்தில் பொருள் கைக்கு வருகிறது. கூடவே, "இந்த மாடல்ல இதான் அடிக்கடி போகுது, சூடு அதிகமா வைக்காதீங்க" என்று அந்தக் கடைக்காரர் சொல்லி அனுப்பிய தகவலும் வருகிறது. சிறிய ஊரிலும் இதே திறமையுள்ள ஆள் இருப்பார். ஆனால் அந்த இணைப்பானுக்கு அவர் கூரியருக்காக இரண்டு நாள் காத்திருக்க வேண்டும், அந்தத் தகவல் வராமலே போகலாம்.

பத்துக் கடைகள் இருந்தால் இரண்டிரண்டு பேராகப் பேசிக்கொள்ள 45 ஜோடிகள். இருபது கடைகளானால் 190 ஜோடிகள். கடை இரட்டிப்பானால் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல். எல்லோரும் எல்லோரையும் சந்திக்க முடிந்தால் அடுக்கு 1.15 அல்ல, 2 ஆகியிருக்கும். அப்படி ஆகாததற்குக் காரணம் நம் கால்வலியும் பேருந்துக் கட்டணமும்தான்.

அந்தக் கால்வலியைப் பெட்டன்கோர்ட் 2013-இல் கணக்காகவே மாற்றினார். பள்ளிக் கணிதம் போதும், பொறுமையாக வாருங்கள். ஒருவர் அன்றாடம் சந்திக்கக்கூடியவர்களின் எண்ணிக்கை, ஊர் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு: மக்கள்தொகையைப் பரப்பால் வகுத்தது. ஊரைக் கடக்கும் செலவு, ஊரின் அகலத்தைப் பொறுத்தது: பரப்பின் வர்க்கமூலம். வரவும் செலவும் கட்டுப்படியாகும் அளவுக்குத்தான் ஊர் விரியும். இரண்டையும் சமன் செய்தால் பரப்பு, மக்கள்தொகையின் 2/3 அடுக்காக வரும். அடுத்து, பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு நடுவே உள்ள தூரத்தைக் கணக்கிட்டு, எல்லா வாசலுக்கும் தெரு போடுங்கள். மொத்தத் தெரு, மக்கள்தொகையின் 5/6 அடுக்கு. ஏறத்தாழ 0.83. 2007 ஆய்வில் கண்ட 0.85-க்கு எவ்வளவு பக்கம் பாருங்கள்.

இனிதான் எனக்கு மிகப் பிடித்த இடம். மனிதர்கள் சந்தித்துக்கொள்வது எங்கே? தெருவில்தான். ஆட்கள் ஒரு மடங்கு கூடும்போது தெரு அதைவிடக் குறைவாகக் கூடுகிறது. ஆகவே ஒவ்வொரு அடித் தெருவிலும் ஆள் கூடுகிறார்கள், சரியாக 1/6 அடுக்கு. ஒவ்வொருவரின் சந்திப்பும் அதே 1/6 அடுக்கு கூடுகிறது. ஊர் முழுவதுக்கும் 7/6, ஏறத்தாழ 1.17. தெருவில் மிச்சம் பிடித்த அந்த 1/6தான் வருமானத்தில் கூடுதல் 1/6 ஆகத் திரும்பி வருகிறது. சிக்கனமும் செழிப்பும் தனித்தனிக் காரணத்தால் வந்தவை அல்ல. ரங்கநாதன் தெருவில் தோள் இடிக்க நடந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். முதன்முதலில் இந்தக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதே நெரிசலில்தான் காய்ச்சலும் பரவுகிறது, திருட்டும் கூடுகிறது. அமெரிக்க நகரங்களில் கடுங்குற்றங்களின் அடுக்கும் 1.16 என்றுதான் வந்தது. விதிக்கு எதிர்ப்பும் உண்டு. இங்கிலாந்து, வேல்ஸ் நகரங்களின் எல்லைகளைப் பலவிதமாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், வருமானத்தின் அடுக்கு பெரும்பாலும் 1-ஐ ஒட்டியே நிற்கிறது என்று 2015-இல் காட்டினார்கள். எல்லையைத் தப்பாகப் போட்டால் விதியே மறைந்துவிடலாம், இல்லாத விதி தெரியவும் செய்யலாம்.

இதை வைத்து அப்பா, மாமா வழக்குக்கு வருவோம். 2011-இல் இரண்டு ஊரும் ஏறத்தாழ ஒரே அளவு. ஆகவே அளவால் வரும் ஆதாயமும் இரண்டுக்கும் ஒன்றே. மிஞ்சும் வித்தியாசம் எல்லாம் ஊரின் வரலாறு. அமெரிக்காவில் சான் ஹோசே நகரம், சிலிக்கான் பள்ளத்தாக்கு உலகப் புகழ் பெறுவதற்கு முன்பே, 1960-களின் கடைசியிலேயே, தன் அளவுக்கு எதிர்பார்க்கும் வருமானத்தைவிட மேலே இருந்தது. இந்த மிச்சம் பத்து இருபது ஆண்டில் மாறுவதில்லை. பெங்களூரில் இந்திய அறிவியல் கழகம் 1909-இல் வந்தது, இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை 1940-இல், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1954-இல். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் 1985-இல் கடை விரித்தபோது, வேலைக்கு எடுக்கப் பொறியாளர்கள் ஏற்கெனவே ஊரில் இருந்தார்கள். சென்னைக்குத் துறைமுகம் இருந்தது, எண்ணூரில் லாரித் தொழில் இருந்தது, பெரம்பூரில் ரயில்பெட்டித் தொழிற்சாலை 1955-இல் வந்தது. 1990-களில் கார் நிறுவனங்கள் இங்கே வந்ததற்கு இந்தப் பட்டறை அனுபவமும் துறைமுகமும் முக்கியக் காரணம். 

"அந்த ஊர் மண்ணுக்கு ராசி" என்று சொல்கிறவர்களிடம் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. ராசி என்று சொல்லிவிட்டால், ஒரு ஆய்வுக்கூடத்துக்கு எழுபது வருடம் முன்பு யாரோ ஒதுக்கிய பணம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. இன்று ஒதுக்க வேண்டிய பணமும் அப்படித்தான் மறந்துபோகிறது.

புள்ளிவிவரத்துக்குச் செலவிடும் பணத்தையும் இதில்தான் சேர்ப்பேன். 2021-இல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போய், இப்போது 2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து நடக்கவிருக்கிறது. நான் மேலே சொன்ன எண்கள் அவ்வளவு பழையவை, வேறு வழி இல்லை. இதற்கிடையே சென்னைப் பெருநகரப் பகுதி 2022-இல் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிக்கப்பட்டது. பெங்களூரு மாநகராட்சி 2025-இல் ஐந்தாகப் பிரிக்கப்பட்டது. இரண்டு ஊருக்கும் பழைய கோடு இனி உதவாது.

அமெரிக்காவில் பெருநகரத்தின் எல்லைக்கோட்டை நிர்வாகம் போடுவதில்லை, வேலைக்குப் போகிறவர்கள் போடுகிறார்கள். ஒரு கவுன்டியில் (நம் மாவட்டம் போன்றது) வசித்து வேலைக்குப் போகிறவர்களில் கால்வாசிப் பேர் மையக் கவுன்டிகளுக்குப் போய் வந்தால், அந்தக் கவுன்டி அந்தப் பெருநகரத்தைச் சேர்ந்தது. ஓசூர் பேருந்து நிலையத்தில் காலை ஆறரைக்கு நின்றால் இந்தக் கணக்கு கண்முன்னே நடக்கும். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் சாப்பாட்டுப் பை, அத்திப்பள்ளி தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகும் கூட்டம். வீடும் ஓட்டும் தமிழ்நாட்டில், உழைப்பு பெங்களூரில். 2011 கணக்கெடுப்பில், வேலைக்கு எத்தனை கிலோமீட்டர் போகிறீர்கள், எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று கேட்கவில்லை.