கோச்: வண்டியா, வாத்தியாரா?

2024 ஜனவரி 26 அன்று, இங்கிலாந்துக் கால்பந்து அணியான லிவர்பூலை நடத்திவந்த யுர்கன் க்ளோப், அந்தப் பருவம் முடிந்ததும் அதை விட்டுப் போவதாக அறிவித்தார். அந்த நொடியிலிருந்து ஏப்ரல் கடைசி வரை லிவர்பூல் ரசிகர்களுக்கு ஒரே பேச்சுதான்: அடுத்த கோச் யார்?

முதலில் அடிபட்ட பெயர் சாபி அலோன்சோ. 2004 முதல் 2009 வரை அங்கே ஆடியவர், 2005இல் இஸ்தான்புலில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியில் கோல் அடித்தவர், க்ளோப் அறிவித்த சமயத்தில் ஜெர்மனியின் லெவர்குசன் அணியைத் தோல்வியே இல்லாமல் ஓட்டிக்கொண்டிருந்தவர். "நம்ம வீட்டுப் பிள்ளை, வேறு யோசனையே வேண்டாம்" என்றது ஒரு கட்சி. "ஒரு பருவம் நன்றாகப் போனதும் தூக்கிக் கொடுத்துவிடுவதா?" என்றது இன்னொன்று. மார்ச் 29 அன்று அலோன்சோவே, தான் லெவர்குசனில் தொடர்வதாகச் சொல்லி வாயை அடைத்துவிட்டார். அடுத்து போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் அணியில் இருந்த ரூபன் அமோரிம். அவர் மூன்று தடுப்பாட்டக்காரர்களை வைத்து ஆடுபவர், நாலு பேரை வைத்துப் பழகிய அணிக்கு அது எப்படி ஒத்துவரும் என்று அங்கும் சண்டை. கடைசியில் வந்தவர் நெதர்லாந்தின் பெயனூர்ட் அணியில் இருந்த ஆர்னே ஸ்லாட். முதல் பருவத்திலேயே லீக் பட்டத்தையும் வென்றார்.

இத்தனை சண்டையிலும் பெரும்பாலோர் கண்ணில் படாதது ஒரு சொல். க்ளோப்பின் பதவிப் பெயர் 'மேனேஜர்'. ஸ்லாட்டுக்குக் கொடுத்தது 'ஹெட் கோச்'. யார் வருவார் என்று அடித்துக்கொண்டவர்கள், அவர் உட்காரப்போகும் நாற்காலி மாறியதைக் கவனிக்கவில்லை. ஹெட் கோச் என்றால் கோச்சுக்கு ஒரு கிரீடம் வைத்த மாதிரி, மேனேஜருக்கு இன்னொரு பெயர் என்றே பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை.

முதலில் கோச். அது ஓர் ஊர்ப் பெயர். ஹங்கேரியில், வியன்னாவுக்கும் புடாபெஸ்டுக்கும் இடையிலான பாதைப் பக்கம் கோச் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டில் அங்கே செய்த குதிரை வண்டிகள் பெயர்பெற்றவை. 'கோச்சி செகேர்' என்றால் கோச் ஊர் வண்டி. பத்தமடைப் பாய், மணப்பாறை மாடு என்கிறோமே, அந்த மாதிரி. பிறகு வண்டி என்ற சொல் உதிர்ந்துபோய், ஊர்ப் பெயரே வண்டிக்கு நின்றுவிட்டது. ஜெர்மன் மொழியில் 'குச்சே', ஆங்கிலத்தில் 'கோச்'. ஸ்பானியர்கள் இன்றும் காரை 'கோச்சே' என்றுதான் சொல்கிறார்கள்.

வண்டி எப்படி வாத்தியார் ஆனது? 1830 வாக்கில் ஆக்ஸ்போர்டு மாணவர்களின் குறும்புப் பேச்சு அது. படிக்காத பையனைத் தேர்வு என்ற ஆற்றைத் தாண்டி அக்கரைக்குக் கொண்டுபோய் இறக்கிவிடும் தனிப்பாட ஆசிரியருக்கு 'கோச்' என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அதாவது, நம்மைச் சுமந்து போகிற வண்டி. 1860களில் அந்தப் பெயர் விளையாட்டுக்குள் வந்தது. ஆக நம் ஊர் 'நீட் கோச்சிங் சென்டர்' கொச்சையாகத் திரிந்த ஒன்றல்ல. சொல்லின் பழைய பொருளைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதே அதுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோச் என்பது வண்டி, வண்டிக்காரன் அல்ல. சங்கப் பாடல்களில் தேரோட்டிக்கு 'வலவன்' என்று அழகான சொல் உண்டு. அதைக் கோச்சுக்கு வைத்தால் என்ன என்று ஆசைப்படுவோர் உண்டு. எனக்கும் ஆசைதான், ஆனால் பொருந்தாது. வலவன் குதிரையை விரட்டுகிறவன், கோச் சுமக்கிறவர்.

விரட்டுகிற பொருள் உண்மையில் மேனேஜருக்குத்தான் உரியது. இத்தாலிய மொழியில் 'மானோ' என்றால் கை. 'மனேஜ்ஜாரே' என்றால் கையாள்வது, குறிப்பாகக் குதிரையைப் பழக்குவது. குதிரைக் கொட்டடியில் பிறந்த சொல் வங்கிக்கும் கால்பந்துக்கும் வந்து சேர்ந்தது. ஆங்கிலேயக் கால்பந்தில் மேனேஜர் என்றால் பயிற்சி கொடுப்பவர் மட்டுமல்ல. யாரை வாங்குவது, யாரை விற்பது, யார் ஆடுவது என்று எல்லாமே அவர் கையில். அந்த அதிகாரமும் சும்மா வந்ததில்லை. இங்கிலாந்து அணியின் முதல் மேனேஜர் வால்ட்டர் விண்டர்பாட்டம். 1946 முதல் 1962 வரை பதவியில் இருந்தும், ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்தது ஒரு குழுதான். அடுத்து வந்த ஆல்ஃப் ராம்சே, அணியை நான்தான் தேர்வு செய்வேன் என்று நிபந்தனை போட்டு வாங்கிக்கொண்டார். 1966இல் உலகக் கோப்பை வந்தது.

ஹெட் கோச் என்பது அந்த ராஜ்ஜியத்தைப் பாகம் பிரித்த பிறகு மிஞ்சும் பங்கு. மைதானம், பயிற்சி, ஆடும் பதினொருவர், ஆட்ட உத்தி ஆகியவை அவருக்கு. வாங்குவதும் விற்பதும் ஸ்போர்ட்டிங் டைரக்டரின் பொறுப்பு. லிவர்பூலில் ஸ்லாட்டோடு சேர்த்து ரிச்சர்ட் ஹ்யூஸை அந்தப் பதவியில் அமர்த்தினார்கள். அதே 2024 நவம்பரில் மான்செஸ்டர் யுனைடெட் அமோரிமை அழைத்ததும் ஹெட் கோச் என்ற பெயரில்தான். ஐரோப்பாவின் மற்ற நாடுகளில் இது பழைய வழக்கம், இங்கிலாந்துக்குத்தான் புதிது. ஆகவே "புது கோச் நல்ல ஸ்ட்ரைக்கரை வாங்கவில்லை" என்று திட்டுகிற ரசிகர், பல சமயம் தவறான ஆளைத் திட்டுகிறார்.

மற்ற மொழிக்காரர்கள் இந்த ஆளை எப்படிப் பார்க்கிறார்கள் என்பது தனிச் சுவை. இத்தாலியர்களுக்கு அவர் 'அல்லெனத்தோரே'. 'லேனா' என்றால் மூச்சு, தெம்பு, அதை ஏற்றுகிறவர். வண்டியை உலகுக்குக் கொடுத்த ஹங்கேரியர்கள் அந்தச் சொல்லைத் தொடவே இல்லை. அவர்களுக்குக் 'கோச்சி' இன்றும் வண்டிதான், கார்தான். பயிற்சி தருபவர் 'எட்சோ'. எஃகைக் காய்ச்சி உரமேற்றுவதற்கான வினைச்சொல்லிலிருந்து வந்தது. 1961, 1962 என்று அடுத்தடுத்து போர்ச்சுகலின் பென்ஃபிக்கா அணிக்கு ஐரோப்பியக் கோப்பை வாங்கித் தந்த பேலா குட்மன் அந்த மண்ணில் பிறந்த எட்சோ.

இனி தமிழுக்கு வருவோம். தமிழ்நாட்டு நாளிதழ்களில் 'பயிற்சியாளர்' நிலைத்துவிட்டது. இலங்கைப் பத்திரிகைகளில் 'பயிற்றுநர்', 'பயிற்றுவிப்பாளர்' இரண்டையும் பார்க்கலாம். என் ஓட்டு பயிற்றுநருக்கு. எழுத்தாளர் எழுதுகிறவர், பேச்சாளர் பேசுகிறவர், பார்வையாளர் பார்க்கிறவர். அந்தக் கணக்குப்படி பயிற்சியாளர் யார்? பயிற்சி எடுக்கிற ஆட்டக்காரர் என்றும் கொள்ளலாமே. பயில் என்பது தன்வினை. தான் பயில்வது. பயிற்று என்பது பிறவினை. பிறரைப் பயிலச் செய்வது. பயிற்று + நர் என்று போட்டால் குழப்பத்துக்கே இடமில்லை. ஓட்டுநர், இயக்குநர், அனுப்புநர் போல இதற்கும் 'நர்' தான்; 'பயிற்றுனர்' என்று எழுதுவது பிழை. பயிற்சியாளரைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், ஊரே ஏற்றுக்கொண்ட சொல். இரண்டில் துல்லியமானது எது என்று கேட்டால் மட்டும் என் பதில் இது.

ஹெட் கோச் – தலைமைப் பயிற்றுநர். நடுவில் வரும் 'ப்'பை விட்டுவிட வேண்டாம்.

மேனேஜருக்குத்தான் சிக்கல். மேலாளர் என்று எழுதினால் வங்கிக் கிளை நினைவுக்கு வருகிறது. கிரிக்கெட் பார்த்துப் பழகிய நமக்கு 'அணி மேலாளர்' என்றால் விமான டிக்கெட்டும் ஹோட்டல் அறையும் பார்க்கிறவர். அதனால் க்ளோப்பையும் பயிற்சியாளர், ஸ்லாட்டையும் பயிற்சியாளர் என்று எழுதி வேறுபாட்டை அழித்துவிடுகிறோம். 'அணிப் பொறுப்பாளர்' என்று எழுதிப் பார்த்தேன், கட்சி மாவட்டப் பொறுப்பாளர் மாதிரி இருக்கிறது. இப்போதைக்கு மேனேஜரை மேனேஜர் என்றே விட்டுவைப்பது மேல்.

மைதானத்தில் பையன்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. அவர்களுக்கு அவர் 'மாஸ்டர்', இல்லையென்றால் 'சார்'. கோச் என்றே வைத்துக்கொண்டால்தான் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். தமிழ்நாட்டில் அது ரயில் பெட்டியும்கூட. யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் வாயில் 'கோச்சி' என்றால் முழு ரயிலே. "புது கோச் எப்ப வருவார்?" என்று அங்கே கேட்டுப் பாருங்கள், ஸ்டேஷனுக்கு வழி சொல்லுவார்கள்.